பின்சக்கர வண்டியும் பனிக்காலமும்: பழியை யார் மேல போடுறது?

ரொம்ப நாளா ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இன்னிக்கு எழுத வெச்ச புண்ணியவான் என் மச்சான். தங்கமணியோட ஒரே தம்பி. ஒட்டாவாவுல வேலை. போன கோடையில 2018 மாடல் டொயோட்டா 86 ஒண்ணு, செகண்ட் ஹேண்டா, ஆசை ஆசையா வாங்கினான். நேத்து ராத்திரி போன்.

"மாமா, டயர் கடையில கேட்டேன். பின்சக்கர வண்டிதானே, பின்னாடி மட்டும் ரெண்டு பனி டயர் போட்டா போதும், காசு மிச்சம்ங்கறான். போட்டுரவா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவனே அடுத்ததையும் சொன்னான். ஆபீஸ்ல எல்லாரும், "பனியில அந்த வண்டியை எடுத்தா நீ செத்த, வித்துட்டு நாலு சக்கர டிரைவ் வண்டி வாங்கு"ன்னு பயமுறுத்துறாங்களாம்.

ரெண்டுமே தப்புங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு. மான்ட்ரியால்ல வருஷத்துக்கு 2 மீட்டருக்கு மேல பனி கொட்டும். அந்த ஊர்ல 2007 மாஸ்டா எம்எக்ஸ்-5 வெச்சுக்கிட்டு இத்தனை பனிக்காலம் தள்ளினவன்ங்கற தகுதியில பேசறேன். ஒரு தடவை அதே வண்டியில பல்டி அடிக்கத் தெரிஞ்சவன்ங்கற தகுதியும் உண்டு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல பின்சக்கர வண்டி மேல இருக்கிற இந்தப் பயம். நம்மாளுங்களுக்கு இது வரவே கூடாது. ஊர்ல கல்யாணத்துக்கு ஏழு பேரை அடைச்சுக்கிட்டுப் போன அம்பாசடர் பின்சக்கர வண்டி. பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். ஆட்டோவும் அப்படித்தான். அங்க பனி இல்லையேம்பீங்க. சரி, பனி இருக்கிற ஊருக்கே வருவோம். சுவீடன்ல வால்வோ கார்கள் பல பத்தாண்டுகள் பின்சக்கரத்துலதான் ஓடுச்சு. அந்த ஊர் ஜனங்க குளிர்காலத்துல வீட்டுலயே உக்காந்திருக்கலை. பனியும் மலையுமா இருக்கிற மான்டி கார்லோ ராலியை 1968, 69, 70னு மூணு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சது போர்ஷ 911. பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்தான். அதுக்கு எஞ்சின் பின்னாடி இருக்கு, ஓட்டுற சக்கரத்து மேலேயே எடை உக்காந்திருக்குங்கறது பெரிய வசதி. ஓட்டினவங்களும் நம்மள மாதிரி ஆளுங்க இல்லை. ஆனாலும் 'பின்சக்கரம்னா பனியில முடியவே முடியாது'ங்கற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகுது.

அப்ப பயத்துல உண்மையே இல்லையா? இருக்கு. என் கட்சிக்கு எதிரா இருந்தாலும் சொல்லிடணும்.

டயருக்கு இருக்கிற பிடிமானத்தை மாசச் சம்பளம் மாதிரி நினைச்சுக்குங்க. வேகம் எடுக்கிறது, பிரேக் பிடிக்கிறது, திரும்பறது எல்லாச் செலவும் அந்த ஒரே சம்பளத்துலதான். காய்ஞ்ச ரோட்டுல சம்பளம் ஜாஸ்தி, தாராளமாச் செலவு பண்ணலாம். பனியில கால்வாசிதான் வருதுன்னு வைங்க. முன்சக்கர வண்டியில முன் டயரே இழுக்கணும், முன் டயரே திரும்பணும். ஆக்சிலேட்டரை அதிகமா மிதிச்சா, திரும்ப மிச்சம் இல்லாம வண்டி நேராப் போகும். காலை எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். பின்சக்கர வண்டியில அதே தப்பைப் பண்ணினா பின் டயரோட சம்பளம் காலி. பக்கவாட்டுல பிடிச்சு நிக்க ஒண்ணும் மிச்சம் இல்லை. வால் வெளியே வந்துரும். அப்ப பயந்துபோய்க் காலைப் பட்டுன்னு எடுத்தா இன்னும் சுத்தும்.

இன்னொண்ணு, எடை. முன்சக்கர வண்டியில எஞ்சின் ஓட்டுற சக்கரத்து மேலேயே இருக்கு. என் வண்டியில முன்னாடி பாதி, பின்னாடி பாதி. வேகம் எடுக்கும்போது எடை பின்னாடி சாயும், அதனால பிடிமானம் கூடும்னு ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பெருமையாச் சொல்வாங்க. காய்ஞ்ச ரோட்டுல உண்மை. பனியில நீங்க எடுக்கிற வேகமே எறும்பு வேகம், அதுல என்ன பெருசா சாயப் போகுது? அதனால மேடு ஏறும்போது பக்கத்து வீட்டு முன்சக்கர வண்டி ஏறிப் போகும், நாம சக்கரத்தைச் சுத்திக்கிட்டு நிப்போம். ஒத்துக்கறேன்.

ஆனா இது கிளம்பறதுல இருக்கிற குறை. உயிரை எடுக்கிறது கிளம்பறது இல்லை சாமி, நிக்கிறதும் திரும்பறதும்தான். பிரேக் எல்லா வண்டியிலயும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. நாலு சக்கர டிரைவ் வண்டி உங்களை ஜோராக் கிளப்பி விடும். நிறுத்தறப்ப அதுவும் அதே நாலு டயரை நம்பித்தான் நிக்கணும், அதுவும் கூடுதல் எடையைத் தூக்கிக்கிட்டு. முதல் பனி விழுந்த அன்னிக்கு நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்துல பாருங்க, பெரிய பெரிய வண்டிங்க மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும். சுலபமாக் கிளம்ப முடிஞ்சதால, சுலபமா நிக்கவும் முடியும்னு நம்பினவங்க.

சரி, என் பல்டிக் கதைக்கு வருவோம்.

2017 நவம்பர் நடுவுல, ஞாயித்துக்கிழமை காலை. கியூபெக்ல பனி டயர் கட்டாயம்னு 2008லயே சட்டம் வந்தாச்சு. அப்போ தேதி டிசம்பர் 15. (2019ல இருந்து டிசம்பர் 1ன்னு முன்னாடி கொண்டு வந்துட்டாங்க. மார்ச் 15 வரைக்கும்.) சட்டத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கேன்னு நான் கோடை டயரோட ஜாலியாச் சுத்திக்கிட்டு இருந்தேன். பக்கத்துல தங்கமணி. ரோட்டுல பனியே இல்லை, ஈரம் மட்டும். மேம்பாலத்து மேல ஏறி, லேசான வளைவு, வேகம் 50 கூட இருக்காது. பாலத்துக்கு அடியிலயும் குளிர்காத்து போறதால தரையை விட அது முந்தி உறையும்னு எனக்குப் படிச்ச அறிவு உண்டு. உபயோகம்தான் இல்லை.

கியரை மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கி கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமா விட்டேன். அவ்வளவுதான். எஞ்சின் பின்சக்கரத்தைச் சட்டுன்னு பிடிச்சு நிறுத்துச்சு, வால் முன்னாடி வந்துருச்சு. ஒரு முழுச் சுத்து. நாங்க வந்த வழியையே பார்த்துக்கிட்டுப் பின்னாடி போனோம். எதிர்ல ஒரு வேன். அந்தப் புண்ணியவான் தூரத்துலேயே நிறுத்திட்டார். நாங்க தடுப்புச் சுவத்துக்கு ஒரு முழம் முன்னாடி நின்னோம். ஒரு கீறல் கூட இல்லை. தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளும் பேசலை. அது தனிக் கதை.

அன்னிக்கு வண்டியைத் திட்டினேன். பின்சக்கரத்தைத் திட்டினேன். விக்கலாம்னு விளம்பரம் கூட எழுதினேன். நிதானமா யோசிச்சப்பதான் புரிஞ்சது: வண்டி அதோட வேலையைச் சரியாத்தான் பண்ணுச்சு. தப்பு, கோடை டயரைப் போட்டுக்கிட்டு காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்த என்னோடது. சட்டம் தேதியைப் பார்க்கும். ரப்பருக்குத் தேதி தெரியாது, அதுக்குக் குளிர்தான் தெரியும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா கோடை டயர் ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். உறைநிலை வந்தா கிட்டத்தட்ட பிளாஸ்டிக். பனி டயரோட ரப்பர் கலவையே வேற, கடுங்குளிர்லயும் இளகித்தான் இருக்கும். அதோட அந்தக் கட்டைகள்ல கத்தியால கீறின மாதிரி நூத்துக்கணக்குல மெல்லிசு வெட்டு இருக்கும். பனியைக் கவ்வுறது அந்த விளிம்புங்கதான்.

அதனால என் முதல் தீர்ப்பு: டயர் மாத்தறதுக்குச் சட்டத்தைக் கேக்காதீங்க, தெர்மாமீட்டரைக் கேளுங்க. காலையில தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழ காட்டினா மாத்திடுங்க. டயர் பக்கச் சுவர்ல மூணு மலைச்சிகரத்துக்குள்ள ஒரு பனிப்பூ சின்னம் இருக்கான்னு பாருங்க. அது சோதனையில தேறின டயர். சேறு, பனின்னு வெறும் எழுத்து மட்டும் போட்டிருந்தா அது வடிவத்தைச் சொல்றதுதான், சோதனைச் சான்று இல்லை.

ரெண்டாவது தீர்ப்பு, மச்சானோட கேள்விக்கு: நாலு. ரெண்டு இல்லை, மூணு இல்லை, நாலு. பின்னாடி மட்டும் போட்டா வண்டி நல்லாக் கிளம்பும். அதான் ஆபத்தே. முன்னாடி கோடை டயர் விறைச்சுப் போய் நிக்கும். ஸ்டீயரிங் அதுலதான். பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயறதால பாதிக்கு மேலான பிரேக் வேலையும் அதுலதான். ஆக, 'போ'ன்னா போகும், 'நில்லு'ன்னாலும் 'திரும்பு'ன்னாலும் கேக்காது. முன்னாடி மட்டும் போட்டா இன்னும் மோசம், ஒவ்வொரு வளைவுலயும் வால் முந்தப் பார்க்கும். ஒட்டாவா இருக்கிற ஒன்டாரியோவுல பனி டயர் கட்டாயம் இல்லை. அதனாலதான் கடைக்காரர் இப்படி ஒரு யோசனையைத் துணிஞ்சு சொல்றார்.

"நாலு டயர், ரிம்மு, ஆயிரம் டாலர் ஆகுது மாமா." நியாயமான கவலைதான். ஆனா கணக்கைச் சரியாப் போடணும். பனி டயர் ஓடற மாசமெல்லாம் கோடை டயர் தேயாம ஓய்வெடுக்குது. ரெண்டு ஜோடியும் மாறி மாறி ஓடறதால ரெண்டுமே கூட நாள் வரும். ஒன்டாரியோவுல பனி டயர் போட்டா இன்சூரன்ஸ் கம்பெனிங்க கட்டணத் தள்ளுபடி கொடுக்கணும்னு 2016 ஜனவரியில இருந்தே விதி இருக்கு. தடுப்புச் சுவத்துல ஒரு தடவை உரசினா பம்பருக்கு ஆகுற செலவுல நாலு டயரும் வந்துரும். தனி ரிம்மோட வாங்கினா வருஷா வருஷம் டயரைக் கழட்டி மாட்டுற கூலியும் குறையும். பிரேக் இடிக்காதுன்னா ஒரு அங்குலம் சின்ன ரிம் நல்லது. டயர் விலையும் குறைவு, பக்கச் சுவர் உயரமா இருக்கிறதால பள்ளத்துல விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். நான் 17ல இருந்து 16 அங்குலத்துக்கு வந்தேன். என் வண்டி டிக்கியில ஒரு டயர் கூட வெக்க முடியாதுங்கறது தனி சோகம். டயர்களை ஒவ்வொண்ணாப் பக்கத்து சீட்ல உக்கார வெச்சு, பெல்ட் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன். சிக்னல்ல ஒரு பாட்டி பார்த்துச் சிரிச்சாங்க :-)

மூணாவது, மணல் மூட்டை. 'டிக்கியில ரெண்டு மூட்டை மணல் போட்டா சரியாயிடும்'னு ஒரு பாட்டி வைத்தியம் உண்டு. பின்பக்கம் காலியா இருக்கிற பிக்கப் வண்டிக்கு அது சரி. எடை சமமாப் பங்கிட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு வேணாம்ங்கறது என் கருத்து. டிக்கி பின் அச்சுக்கும் பின்னாடி இருக்கு. வால் ஆட ஆரம்பிச்சா அந்த எடையே ஊஞ்சல் மாதிரி இன்னும் தள்ளி விடும். சின்னப் பையில கொஞ்சம் மணல் வெச்சுக்கோங்க, போதும். மாட்டிக்கிட்டா சக்கரத்துக்கு அடியில தூவறதுக்கு.

மத்த தயாரிப்பையும் சொல்லிடறேன், எல்லாம் அடிபட்டுக் கத்துக்கிட்டது.

பேட்டரியை அக்டோபர்லயே சோதிச்சிருங்க. மைனஸ் 18 டிகிரியில அதோட சக்தி பாதி வரைக்கும் குறையும், எஞ்சினுக்கோ அப்பதான் சுத்தறதுக்கு அதிக சக்தி வேணும். கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அது மைனஸ் 37 வரைக்கும் உறையாது. கண்ணாடி கழுவுற திரவம் மைனஸ் 40 தாங்குறதா இருக்கணும். டயர் காத்து ஒவ்வொரு 5, 6 டிகிரி குறையறதுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும், மாசம் ஒரு தடவை பாருங்க. கதவு ரப்பருக்கு சிலிக்கோன் தடவினா காலையில கதவோட மல்லுக்கட்ட வேணாம். வண்டியைக் கழுவிட்டு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீங்க, உறைஞ்சு பிடிச்சுக்கும். சமதரைன்னா கியர்ல விட்டாப் போதும்.

துணிக்கூரை வண்டிக்காரங்க கவனிங்க. கூரையில விழற தண்ணி வடியறதுக்குச் சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஓட்டை உண்டு. இலையுதிர் காலத்துச் சருகு அதை அடைச்சிரும். தண்ணி உள்ளே தேங்கி அடிப்பாகம் துருப்பிடிக்கும். பனிக்கு முன்னாடி சுத்தம் பண்ணியே ஆகணும். உறையற குளிர்ல கூரையை மடக்காதீங்க.

துரு. டயரை விட இதுதான் எனக்கு உண்மையான எதிரி. இங்க ரோட்டுக்கு உப்பைக் கொட்டறாங்க, நாம கருவாட்டுக்குக் கூட அவ்வளவு போட மாட்டோம். வருஷா வருஷம் இலையுதிர் காலத்துல அடிப்பாகத்துக்குத் துரு எண்ணெய் அடிச்சிருங்க. குளிர் கொஞ்சம் குறையற நாள்ல அடிப்பாகத்தைக் கழுவுங்க. 'இந்த வண்டி என் குலதெய்வம், உப்பு படவே விட மாட்டேன்'னு நினைச்சா, பெட்ரோல் டேங்க்கை நிரப்பி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, நல்லா மூடி நிறுத்தி வைங்க. அதுவும் மரியாதையான முடிவுதான். நிறுத்தினா வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிற வேலை வேணாம். எஞ்சின் முழுசாச் சூடாகாம உள்ளே ஈரம்தான் சேரும்.

ஓட்டறதுன்னு முடிவு பண்ணினா, காலால ஓட்டாதீங்க, கட்டைவிரலால ஓட்டுங்க. ரெண்டாவது கியர்ல மெதுவாக் கிளம்புங்க. கியரை இறக்கும்போது எஞ்சின் வேகத்தைச் சமன் பண்ணி கிளட்ச்சை மெல்ல விடுங்க, என்னை மாதிரி பண்ணாதீங்க. வால் போனா கிளட்ச்சை மிதிச்சு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்க. கண்ணு போற பக்கம்தான் கை போகும். சறுக்கலைக் கட்டுப்படுத்துற மின்னணுச் சாதனம் கனடாவுல 2011 செப்டம்பர்ல இருந்து புது கார்களுக்குக் கட்டாயம். மச்சான் வண்டியில இருக்கு, என் வண்டியில இல்லை. அது கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை, செலவைக் கட்டுப்படுத்தும். சம்பளத்தைக் கூட்டித் தராது. சம்பளம் டயர்ல இருந்துதான் வரணும். டிக்கியில மண்வெட்டி, போர்வை, டார்ச்சு மூணும் வெச்சுக்கோங்க. பனியில மாட்டி எஞ்சினை ஓட விட்டா, புகைக்குழாயைப் பனி அடைச்சிருக்கான்னு முதல்ல இறங்கிப் பாருங்க. உள்ளே வர்ற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை முடிச்சிரும்.

கடைசியா ஒண்ணு. இவ்வளவும் பண்ணினாலும் சில நாள் வண்டியை எடுக்காதீங்க. பனிப்புயல்ல இயந்திரம் பாதையை ஒதுக்கறதுக்கு முன்னாடி, ஒரு சாண் உயரம் கூட இல்லாத நம்ம வண்டி வயித்துல படுத்துக்கும். உறைமழை பெய்ஞ்சா பனி டயரும் பாதி தோத்துப் போகும். 1998 ஜனவரியில இந்த ஊரே கண்ணாடிக்குள்ள மாட்டின மாதிரி உறைமழையில நின்னதைப் பத்தி இங்க பழைய ஆளுங்க இன்னும் பேசறாங்க. அந்த மாதிரி நாள்ல மெட்ரோ ரயில்னு ஒண்ணு இருக்கு. அதுல போனா கௌரவம் ஒண்ணும் குறையாது. 'என்னால முடியும்'னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது, அதை தினமும் நிரூபிக்கணும்னு ஒண்ணும் இல்லை.

இதையெல்லாம் மச்சான்கிட்ட அரை மணி நேரம் மூச்சு விடாமச் சொன்னேன். "சரி மாமா, யோசிக்கறேன்"ன்னான். யோசிக்கறேன்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? அப்ப தங்கமணி போனை வாங்கினா.

"டேய், அந்தப் பாலத்துல நான் பின்னாடி பார்த்துக்கிட்டு முன்னாடி போனேன். நாலும் போடுறா."

அவ்வளவுதான். இன்னிக்குக் காலையில குறுஞ்செய்தி வந்தது: சனிக்கிழமை நாலு டயருக்கும் நேரம் வாங்கிட்டானாம்.

அரை மணி நேரம் நான் பேசினதுல ஆகாதது ஒரே வரியில முடிஞ்சது. அப்புறம் எதுக்கு இவ்வளவு நீளமா எழுதினேன்னா, உங்க வீட்டுல அந்தப் பாலத்தைப் பார்த்த ஆள் இருக்க மாட்டாங்க இல்லையா, அதுக்குத்தான்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டற ஆள். உங்க வண்டிக்கு எது பொருந்தும்னு அதோட கையேட்டைப் பார்த்துக்குங்க. மணல் மூட்டை கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம், தாங்கிக்கிறேன். ரெண்டு டயர் போதும்ங்கிறவங்க மட்டும், முதல்ல வீட்டுக்காரம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு ஒரு தடவை யோசிச்சுட்டு வாங்க.